மூன்று பக்கம் மச்சான், ஓரத்தில் ஒரு வரி மனைவி

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஒரு கத்தோலிக்கப் பங்கிலிருந்து (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்) வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 58 வயது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர், பங்குச் சபையின் செயலாளர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கட்சியின் பெயரை வெட்டிவிட்டேன். கடிதத்தின் சாரம்:

“மிஸ், எங்கட அன்பிய (பங்கில் அயல் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) வட்ஸ்அப் குழுவில் மச்சான் (மனைவியின் தமையன்) ஒரு வீடியோ போட்டார். கனடாவில் இருக்கிற மகன் அனுப்பினது. இன்ன கட்சிக்குப் போடுகிறவன் கருக்கொலைக்குக் கூட்டு, அவனுக்கு நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை) வாங்கத் தகுதியில்லை என்று அதில் ஒருவர் சொல்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிய, அந்தக் கட்சிக்கு வாக்களிக்க மாட்டோம் என்று ஒரு தாள் எழுதிக்கொண்டுவந்து கோயில் மண்டபத்தில் கையெழுத்து வாங்கினார். நான் வைக்கவில்லை. வாய்த்தர்க்கம் வந்தது. மணல் பெர்மிட்டுக்குக் கட்சி மாறினவர் எனக்கு உயிரைப் பற்றிப் படிப்பிக்கத் தேவையில்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். ஐந்து மாதமாக ஒரு கதையும் இல்லை. சமாதானம் பகிரச் சொல்லும்போது அவர் மேலே மின்விசிறியைப் பார்க்கிறார். பாதர் ஒரு பக்கமும் கதைக்கிறார் இல்லை. நான் கையெழுத்து வைக்காதது பாவமா? செயலாளர் பதவியை விடட்டோ? பக்கத்துப் பங்குக்குப் பூசைக்குப் போகட்டோ?”

மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் செங்குத்தாக எழுதிய ஒரு வரியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள ஐயா,

நான் உளவளத்துணை வேலை செய்கிறவள். பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, அதைப் பாதரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மூன்று பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். கருக்கலைப்பு சரி என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. மச்சானும் அதைப் பிழை என்கிறார், நீங்களும் பிழை என்கிறீர்கள். வயிற்றிலிருக்கும் உயிரை வேண்டுமென்று அழிப்பது பெரும் பாவம் என்பது திருச்சபையின் போதனை, அதில் உங்கள் இருவருக்கும் இம்மியும் பிணக்கில்லை. அப்படியானால் ஐந்து மாதமாக நீங்கள் சண்டை பிடிப்பது எதைப் பற்றி? கோயிலின் பேரை ஒரு கட்சிக்கு எதிராகப் பாவிக்கலாமா என்பதைப் பற்றி. அந்தக் கேள்விக்குத் திருச்சபை முன்பே பதில் சொல்லியிருக்கிறது. ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற 1965ஆம் ஆண்டு வத்திக்கான் சங்க ஏட்டில் 43ஆம் எண்ணைப் பாருங்கள். உலக விடயங்களில் நல்ல மனதுள்ள விசுவாசிகளே வேறு வேறு முடிவுக்கு வரலாம், அப்போது தன் பக்கத்துக்கு மட்டும் திருச்சபையின் அதிகாரம் இருக்கிறதென்று ஒருவரும் உரிமை கோரக் கூடாது என்பது அதன் கருத்து.

மச்சானின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சட்டமும் பிறவாத உயிரைக் காக்க வேண்டும் என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்ற சுற்றுமடலில் எழுதினார். கத்தோலிக்கர் அதைத் தனிப்பட்ட விடயம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வீடியோவில் வரும் ‘நன்மை வாங்கத் தகுதியில்லை’ என்ற பேச்சு வேறு. 2004இல், அப்போது கர்தினாலாக இருந்த ரட்சிங்கர் (பிறகு 16ஆம் ஆசீர்வாதப்பர்) அமெரிக்க ஆயர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒரு வேட்பாளருக்கு வாக்களிப்பவர் அந்தத் தீமையில் பங்காளியாகிறார், அவர் நன்மை வாங்கத் தகுதியற்றவர் என்றார். அந்த வேட்பாளரின் அந்தக் கொள்கையை ஏற்காமல், வேறு பாரமான காரணங்களுக்காக வாக்களிப்பவரை அவர் அப்படிச் சொல்லவில்லை. வீடியோவில் இருப்பவர் முதல் பாதியைப் படித்துவிட்டுத் தாளை மடித்துவிட்டார்போல.

இன்னொன்று. அந்த வீடியோ எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது? அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகளும் இந்த ஒரு கேள்வியில் எதிரெதிராக நிற்கின்றன. கருக்கலைப்பை அங்கே உரிமையாக்கி 1973இல் வந்த ரோ எதிர் வேட் தீர்ப்பை 2022 ஜூனில் அங்குள்ள உச்ச நீதிமன்றமே புரட்டியது. அங்கே ஒரு பங்கு இரண்டாகப் பிளந்தால் அதற்கு வாக்குச்சீட்டிலேயே காரணம் இருக்கிறது.

இங்கே இலங்கையில் நிலைமை என்ன? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவுதான் இன்றும் எங்கள் சட்டம். தாயின் உயிரைக் காப்பதற்காக நல்லெண்ணத்துடன் செய்வதைத் தவிர மற்ற எல்லாம் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, கரு அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. செய்விப்பவருக்கு மட்டுமில்லை, தானே செய்துகொள்ளும் பெண்ணுக்கும் அதுதான். 1995இல் தளர்த்தப் பார்த்தார்கள், கைவிட்டார்கள். 2017இல் பாலியல் வல்லுறவால் உண்டான கருவுக்கும், பிறந்து பிழைக்க முடியாத அளவுக்குக் குறையுள்ள கருவுக்கும் விலக்குக் கொடுக்கும் யோசனை அமைச்சரவை வரைக்கும் போனது. ஆயர் பேரவை எதிர்த்தது, வேறு சமயத்தவரும் எதிர்த்தார்கள், அதுவும் கிடப்பில் போனது.

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஆறு உறுப்பினர்களுக்காக ஒரு கட்சிக்குப் புள்ளடியும் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போட்டுவிட்டு வருகிறோம். அப்போது மனதில் இருப்பது காணி, காணாமல் போன பிள்ளை, குளத்து வாய்க்கால், மன்னார்த் தீவில் என்றால் காற்றாலை. வேறொரு நாட்டின் வாக்குச்சீட்டில் இருக்கிற கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அன்பியத்தில் போட்டால், மச்சான்மார்தான் அடிபடுவார்கள்.

‘கோயிலில் அரசியல் பேசவே கூடாது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2011 ஜனவரியில் எங்கள் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, போருக்குப் பிறகு அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், கச்சேரிக் (மாவட்டச் செயலகம்) கணக்கை வைத்தே வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அது அரசியல் இல்லையா? அதைவிடப் பெரிய அரசியல் அந்த நேரம் வன்னியில் வேறு இருந்ததா? ஆனால் அவர் யாருக்கும் வாக்குக் கேட்கவில்லை. குருக்கள் கட்சி அரசியலில் தீவிரமாக இறங்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. உயிருக்காகக் குரல் கொடுப்பதற்கும் கட்சிக்காகத் தாள் நீட்டுவதற்கும் இடையிலுள்ள தூரம் எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே கையெழுத்து வைக்காததற்காக நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அது கருக்கலைப்புக்கு எதிரான தாள் என்பதைவிடக் கட்சிக்கு எதிரான தாள்.

பாதர் விடயத்தில் கொஞ்சம் பொறுங்கள். அவர் பயந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், இருக்கலாம். பங்கில் அரைவாசிப்பேர் மச்சானின் சொந்தம், மற்ற அரைவாசிப்பேர் உங்கள் சொந்தம் (மனைவி வழியாகப் பார்த்தால் எல்லாரும் இரண்டு பக்கமும் சொந்தம், அது வேறு கதை). அவர் எந்தப் பக்கம் வாய் திறந்தாலும் மற்றப் பக்கம் மறையுரையைத் தராசில் போட்டு நிறுக்கும். தங்கள் கருத்தை மேய்ப்பரிடம் சொல்வதற்கு விசுவாசிகளுக்கு உரிமை இருக்கிறது. பங்குச் சபையில் எல்லாராலும் மதிக்கப்படுகிற இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் ஒரு பெண்ணை. இரண்டு விடயம் மட்டும் கேளுங்கள்: பங்கின் அனுமதி இல்லாமல் கோயில் வளவில் கையெழுத்துத் தாள் வேண்டாம், அன்பியக் குழுவில் பூசை நேரம், நவநாள், மரண அறிவித்தல் இவை போதும். இதைப் பிரசங்கத்தில் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்கிருந்து சொன்னால் அது தீர்ப்பாகிவிடும், தோற்றவர் யார் என்று ஊர் தேடும்.

பதவியை இப்போது விட வேண்டாம். கோபத்தில் விடுகிற பதவியோடு கூட்டக் குறிப்புப் புத்தகமும் சண்டைக்குள் போய்விடும். திருவிழா முடியட்டும், கணக்குக் காட்டிவிட்டு, அப்போதும் மனமில்லையென்றால் கொடுங்கள். பக்கத்துப் பங்குக்கு ஒரு தரம் இரண்டு தரம் போனால் வானம் இடிந்து விழாது. ஆனால் நீங்கள் அங்கே போனால் இங்கே உங்கள் வீட்டு ஆள் தனியே போவாரா?

இனி அந்த ஓரத்து வரி.

“மனைவியும் அன்றையிலிருந்து நன்மைக்கு எழும்புகிறதில்லை.”

ஐயா, உண்மையில் உங்கள் கடிதம் இதுதான். மச்சானுக்கு மூன்று பக்கம், மின்விசிறிக்கே நாலு வரி. இதற்கு ஒரு வரி, அதுவும் இடம் போதாமல். உங்களைக் குறை சொல்லவில்லை, எழுதினீர்களே, அதுவே பெரிது. ஆண்கள் பக்கத்து வாங்கில் இருந்துகொண்டு, பெண்கள் பக்கத்தில் ஒருத்தர் எழும்பாமல் இருப்பதை ஐந்து மாதமாகக் கவனித்திருக்கிறீர்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் ஊகிக்க வேண்டாம். மிகச் சாதாரண காரணம் ஒன்று இருக்கலாம்: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. தன் கூடப்பிறந்தவனும் தன் புருசனும் கோயிலுக்குள்ளேயே முகம் பார்க்காமல் நிற்கும்போது, அந்த வரிசையில் தான் எப்படி நடப்பது என்று அவர் நினைக்கலாம். உங்கள் இருவரிலும் கோபமாக இருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம்.

அந்த ‘வேறு’ பற்றி, உங்கள் மனைவியை வைத்து இல்லாமல், பொதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் தமிழில் ‘கலைந்தது’ என்பதற்கும் ‘கலைத்தது’ என்பதற்கும் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்று தானாக நடந்தது, மற்றது செய்தது. மூன்றாவதாக ‘எடுத்தது’ என்று ஒன்று இருக்கிறது: கரு குழாயில் தங்கி, தாய் சாகப்போகிறாள் என்று டொக்டர்மார் ஒப்பரேசன் செய்து எடுத்தது. அதைச் சட்டமும் அனுமதிக்கிறது, நோயுற்ற குழாயை அகற்றுவதைக் கத்தோலிக்க அறநெறியும் கருக்கலைப்பாகக் கொள்வதில்லை. மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ‘கருக்கொலை, கருக்கொலை’ என்று கத்துகிறவருக்கு இந்த மூன்றும் ஒன்று. ஆனால் எதிரே வாங்கில் இருக்கிற பெண்களில் ஒருத்திக்குக் கலைந்திருக்கும், ஒருத்திக்கு எடுத்திருப்பார்கள், ஒருத்தி கலைத்திருப்பாள், அல்லது கலைப்பித்திருப்பார்கள். வன்னியில் அந்த வாங்குகளில் இருக்கிற ஐம்பது வயதுப் பெண்கள் எந்தக் காலத்தில் பிள்ளை சுமந்தவர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பங்கரிலும் தறப்பாளுக்குக் கீழும் வயிற்றில் இருந்ததை இழந்தவர்கள் அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

2009இல், போரில் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாம்களில்தான் நான் இந்த வேலையைத் தொடங்கினேன். அதற்குப் பல வருடம் கழித்து ஒரு அம்மா வந்தார், நித்திரை இல்லை என்று. மூன்றாம் நாள்தான் கதை வந்தது. ஆறு வருடமாக நன்மை வாங்கவில்லை. போர் முடியும் நேரம் வட்டுவாகல் கடக்கும்போது மூத்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்திருக்கிறார், வயிற்றில் நாலு மாதம். முகாமுக்கு வந்த இரவு போய்விட்டது. “தெரிஞ்சுகொண்டுதானே தூக்கினனான் மிஸ்” என்றார். கருக்கலைப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்ட நாளிலிருந்து அவர் எழும்பவில்லை. பிரசங்கம் செய்தவருக்கு அது தெரிய வழியில்லை. நான் அவரை ஒரு பாதரிடம் அனுப்பினேன். இதில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்வதற்கே ஒன்றுமில்லை அம்மா என்று அவர் சொன்னாராம். திரும்பி வந்து கதிரையில் இருந்து, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தேத்தண்ணி ஒண்டு கிடைக்குமோ” என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

சரி, உண்மையிலேயே கலைத்தவர் என்றால்? அவருக்கும் கதவு மூடியில்லை, எங்கள் கோயில்களில் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் மனத்தாங்கல். கருக்கலைப்புக்குத் திருச்சபைச் சட்டத்தில் தானாக விழும் விலக்கத் தண்டனை (திருச்சபையின் அருட்சாதனங்களிலிருந்து விலக்கி வைப்பது) இருக்கிறது, உண்மை. ஆனால் 16 வயது நிரம்பாதவருக்கு அது இல்லை. கடும் பயத்தினால் நெருக்கப்பட்டுச் செய்தவருக்கும், அப்படியொரு தண்டனை இருப்பதே தன் பிழையின்றித் தெரியாமல் இருந்தவருக்கும் அது தானாக விழாது. முன்பு இந்தப் பாவத்தை மன்னிக்க ஆயரின் தனி அனுமதி வேண்டும் என்று பல இடங்களில் இருந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016 நவம்பரில் அந்த அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் காலவரையறை இல்லாமல் கொடுத்துவிட்டார். மச்சான் காட்டக்கூடிய அதே 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலும் 99ஆம் எண்ணில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் நேரடியாக அந்தப் பெண்களோடு பேசுகிறார், மனம் தளர வேண்டாம் என்று. அந்தப் பக்கத்தை யாரும் வீடியோவாக்கி அனுப்பிய மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏன் எழும்பவில்லை என்று அவரிடம் கேட்க வேண்டாம். பிள்ளைகளைக் கொண்டு கேட்பிக்கவும் வேண்டாம். வீட்டில் இந்தச் சண்டைக் கதையை நிறுத்துங்கள். சோறு போடும்போது ‘உன்ர கொண்ணன்’ என்று தொடங்குகிறீர்களா? கடிதத்தின் தொனியைப் பார்த்தால் தொடங்குகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரேயொரு தரம், அடுப்படியிலோ வயலுக்குப் போகும் வழியிலோ, “நீ நன்மைக்குப் போனாலும் போகாட்டிலும் நான் ஒண்டும் கேக்க மாட்டன். எப்பவாவது சொல்ல வேணும்போல இருந்தால் சொல்லு, சண்டை பிடிக்க மாட்டன்” என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் அது விசாரணையாகிவிடும்.

பிறகு மடு மாதா கோயிலுக்கு ஒரு நாள் போய் வாருங்கள், ஆடித் திருவிழாவோ ஆவணித் திருவிழாவோ என்று காத்திருக்காமல் ஒரு சாதாரண கிழமை நாளில். எங்கள் பக்கத்தில் பலர் ஊர்ப் பாதரிடம் சொல்ல முடியாததை அங்கேதான் இறக்கி வைக்கிறார்கள், அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்கிறவருக்கு உங்கள் வீட்டுப் படலை எது என்று தெரியாது. எந்தப் பாதராக இருந்தாலும் அங்கே கேட்டதை வெளியே சொல்ல முடியாது என்பது வேறு. போகச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். நீங்கள் போய் முழங்காலில் இருங்கள், அவர் மரத்துக்குக் கீழே இருக்க விரும்பினால் இருக்கட்டும். நித்திரை, சாப்பாடு குறைந்து, ஆள் மெலிந்துகொண்டு போகிறார் என்று கண்டால் மட்டும் பொறுக்காதீர்கள். மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம், 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அவரே பேசலாம்.

அவருடைய காரணம் எதுவாக இருந்தாலும், அதில் உங்கள் கையில் இருக்கிற பகுதி ஒன்றுதான், அவருடைய தமையன். அங்கே நீங்கள் பிழை விட்டிருக்கிறீர்கள் ஐயா. கையெழுத்து விடயத்தில் பிழை விடவில்லை, மணல் பெர்மிட்டில் விட்டீர்கள். அது உண்மையோ பொய்யோ, பூசை முடிந்து சனம் நிற்கிற மண்டபத்தில், அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால் சொல்கிற கதையா? ஐந்து மாதமாக அவர் மின்விசிறியைப் பார்ப்பது கருக்கலைப்புச் சட்டத்துக்காக என்று நான் நம்பவில்லை.

ஆகவே ஒரு பின்னேரம், அரைக் கட்டு வெற்றிலையோ வீட்டில் காய்த்த பப்பாசியோ ஏதாவது கையில் கொண்டு, மச்சான் வீட்டுக்குத் தனியே போங்கள். பாதரையோ மத்தியஸ்தரையோ கூட்டிப் போக வேண்டாம். “மச்சான், அண்டைக்கு மணல் பெர்மிட் கதை நான் கதைச்சது பிழை” என்று சொல்லுங்கள். தாளைப் பற்றி, வீடியோவைப் பற்றி, கட்சியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ‘ஆனால்’ என்று வாயில் வந்தால் தேத்தண்ணியைக் குடியுங்கள். தேத்தண்ணி தராவிட்டால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். வீட்டுக்கு வந்து, போய் வந்ததை மனைவியிடம் பெரிதாகச் சொல்ல வேண்டாம், தமையன் பெண்சாதி தொலைபேசியில் எப்படியும் அன்றிரவே சொல்லிவிடுவார்.